ஆண்டுக்கு ஒரு வீடு கட்டும் வகுப்பு

அமெரிக்காவில் ‘டூ பை ஃபோர்’ என்று விற்கும் மரச்சட்டத்தை டேப் வைத்து அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். உலர்த்தி இழைத்ததில் போனது போக மிச்சம் அவ்வளவுதான். பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது. கட்டடத் தொழில் வகுப்பில் சேரும் உயர்நிலைப் பள்ளி மாணவருக்குத் தொடக்கப் பாடங்களில் இது ஒன்று. நமக்குச் சுவர் என்றால் செங்கல்; அவர்களுக்கு இந்தச் சட்டம். பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்துவார்கள். பல டேப்புகளில் 16, 32, 48 ஆகியவை சிவப்பிலேயே வரும். மேலே அடிக்கும் பலகையின் நீளம் 8 அடி, அதாவது 96 அங்குலம். ஆறு இடைவெளி முடியும் இடத்தில் பலகையின் விளிம்பு ஒரு சட்டத்தின் நடுவில் வந்து உட்காரும். ஓர் அங்குலம் பிசகினால் ஆணி காற்றில்தான் இறங்கும்.

கரும்பலகையில் இதைப் படம் போட்டுக் காட்டினால் மண்டையில் ஏறாது. அதனால் பல ஊர்ப் பள்ளிகளில் மாணவர்கள் ஒரு கல்வியாண்டு முழுக்க நிஜமான வீடு ஒன்றையே கட்டுகிறார்கள். கட்டி முடித்ததும் அது சந்தையில் விற்பனைக்கு வரும். விற்ற பணம் அடுத்த ஆண்டு வகுப்பின் முதல்.

வணிகர்கள் உள்ளே வருவது இங்கேதான். மரக்கடைக்காரர் லாபம் வைக்காமல் சரக்கு கொடுப்பார். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் தம் வேலையைச் செய்யும்போது மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். பெரிய நிறுவனங்களும் உண்டு: கட்டுமானப் பொருள் விற்கும் ஹோம் டிப்போ நிறுவனத்தின் அறக்கட்டளை 2018இல், பத்தாண்டுகளில் 20,000 பேருக்குத் தொழில் பழக்க 5 கோடி டாலர் அறிவித்தது, அதில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் அடக்கம்.

இதெல்லாம் தர்மமா என்றால், இல்லை. 2008 நிதி நெருக்கடியை ஒட்டி அமெரிக்கக் கட்டுமானத் துறையில் ஏறத்தாழ 20 லட்சம் வேலைகள் போயின. போனவர்களில் பலர் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொண்டார்கள். வேலை திரும்பியது, ஆள் திரும்பவில்லை. இன்று வகுப்பில் ரசமட்டம் பிடிக்கும் பையன் நாளை தன்னிடம் வேலைக்கு வருவான் என்ற கணக்கு முதலாளிக்கு இருக்கிறது. இருக்கட்டுமே, கணக்கு இருப்பவர்தான் அடுத்த ஆண்டும் வருவார்.

பையனை நேரே வேலைக்கு அழைத்துப் போவதில்தான் சிக்கல். மத்தியச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவரை வட்ட ரம்பம் இயக்கவோ கூரை வேலைக்கோ வைக்கக் கூடாது. தொழில் பயிலும் மாணவருக்கு விலக்கு உண்டு. அதற்கும் பள்ளியும் முதலாளியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். அப்படிப்பட்ட வேலை இடையிடையே, கொஞ்ச நேரமே நடக்க வேண்டும். அனுபவசாலி ஒருவர் கூடவே நிற்க வேண்டும். அந்த அனுபவசாலியின் நேரம்தான், என்னைக் கேட்டால், மரத்தைவிட விலை உயர்ந்த நன்கொடை. வேலையிடத்தில் நல்ல கூலி வாங்குகிறவர் பள்ளிச் சம்பளத்துக்கு வாத்தியாராக வருவது அபூர்வம். வாரத்தில் ஒரு மேஸ்திரியை அரை நாள் அனுப்பிவைக்கும் சிறு ஒப்பந்ததாரரைப் பத்திரிகை படமெடுப்பதில்லை. பெரிய காசோலையோடு நிற்பவருக்குத்தான் அந்த யோகம்.

இன்னொரு பலவீனமும் உண்டு. வீட்டுச் சந்தை படுத்தால் மாணவர்கள் கட்டியதும் விற்காமல் நிற்கும், முதல் முடங்கும். 2008க்குப் பிறகு அப்படி வகுப்பை நிறுத்திவைத்த பள்ளிகள் உண்டு. அந்த நேரம் மரக்கடைக்காரருக்கும் வியாபாரம் படுத்துத்தான் கிடக்கும். பள்ளியின் பாக்கிக்கு அவர் எத்தனை மாதம் பொறுப்பார்?