ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

நண்பர்களே! படர்தாமரை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் களிம்பு வாங்கித் தடவுகிறோம். அரிப்பு நின்றதும் தூக்கி மூலையில் போட்டுவிடுகிறோம். ஆனால் பூஞ்சைக் கூட்டத்தில் ஆளையே கொல்லும் ஆசாமிகளும் உண்டு தெரியுமா?

மருந்துக்குப் பஞ்சம் ஏன்?

பாக்டீரியாவின் செல் வேறு, நம் செல் வேறு. பூஞ்சையின் செல்லோ அமைப்பில் நம் செல்லுக்குக் கிட்டத்தட்ட பங்காளி முறை! அதை அடித்தால் நமக்கும் அடி படும். அதனால்தான் பூஞ்சைக்கொல்லி மருந்து வகைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உள்ளன. இருக்கிற ஒன்றிரண்டுக்கும் பூஞ்சை பழகிவிட்டால் என்ன கதி?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு பேச்சுக்கு, பத்து லட்சம் பூஞ்சைச் செல்களில் ஒன்று முதல் மருந்துக்குத் தப்பும். அதேபோல் ஒன்று இரண்டாவது மருந்துக்குத் தப்பும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வேறு வேறு வழியில் தாக்கினால், இரண்டுக்கும் தப்புவது லட்சம் கோடியில் ஒன்றுதான்!

கூட்டணியின் வெற்றி

கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை புறா எச்சத்திலும் மண்ணிலும் வாழ்வது. மூச்சு வழியே நுழைந்து, எய்ட்ஸ் போன்ற நோயால் எதிர்ப்புச் சக்தி இழந்தவர்களின் மூளை உறையைத் தாக்கும். இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஆம்ஃபோடெரிசின் பி, பூஞ்சைச் செல்லின் மேலுறையில் உள்ள எர்கோஸ்டிராலைப் பிடித்து உறையைச் சிதைக்கும். ஃப்ளுசைட்டோசின், 1957-ல் புற்றுநோய்க்காகத் தயாரிக்கப்பட்டு அங்கே தோற்றுப்போன மருந்து. இது பூஞ்சைக்குள் போய் நஞ்சாக மாறி அதன் மரபுப்பொருளைக் கெடுக்கும். தனியாகக் கொடுத்தால் பூஞ்சை இதற்குச் சீக்கிரமே பழகிவிடும். ஜோடி சேர்த்தாலோ, ஒன்று கதவை உடைக்கும், மற்றது உள்ளே புகும்!

2013-ல் வெளியான வியட்நாம் ஆய்வில், ஏறக்குறைய நூறு நூறு பேர் கொண்ட குழுக்களில், ஆம்ஃபோடெரிசின் மட்டும் பெற்றவர்களில் 70 நாட்களுக்குள் 44 பேர் இறந்தனர். ஜோடி மருந்து பெற்றவர்களில் 30 பேர். 2022-ல் ஐந்து ஆப்பிரிக்க நாடுகளின் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரே ஒரு பெரிய டோஸ் லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின், கூடவே 14 நாள் ஃப்ளுசைட்டோசின், ஃப்ளுகோனசோல். பலன் பழைய முறைக்குக் குறையவில்லை, பக்கவிளைவும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டே இதைப் பரிந்துரைத்தது.

எல்லாக் கலவையும் நல்லதா?

இல்லவே இல்லை! பூஞ்சைக்கொல்லியோடு ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் கடைகளில் கிடைக்கின்றன. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். தோலின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்கும். உள்ளே பூஞ்சை ஜாலியாகப் பரவும். டெர்பினாஃபின் மருந்துக்கு மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சை இந்தியாவில் பரவலாகிவிட்டது. அதற்கு 2020-ல் வைத்த பெயரிலேயே நம் நாடு இருக்கிறது: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினே!

ஆகவே தோழர்களே, டியூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று போட்டிருந்தால் அதை நீங்களாகத் தடவாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், அவர் சொன்ன நாள்வரை மருந்தை விடாதீர்கள். ஜோடி சேர்ந்தால் மட்டும் போதாது, சரியான ஜோடி சேர வேண்டும்!