கொல்லையில் ஒரு பீர்க்கங்கொடி

விவசாயப் பெருமக்களுக்கும், முக்கியமாக வீட்டுப் பொறுப்பைச் சுமக்கிற தாய்மார்களுக்கும் இன்றைக்கு ஒரே ஒரு கொடியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதுதான் பீர்க்கு. "இதிலே பேச என்ன இருக்கு? விதையைப் போட்டா முளைக்குது, காய்க்குது, கூட்டு வைக்கிறோம்" என்று நீங்கள் நினைக்கலாம். நியாயந்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் பீர்க்கு நமக்கு நாலு பொருள் தருகிறது. பிஞ்சுக் காய் கூட்டுக்கு ஆகும். தோல் துவையலுக்கு ஆகும். முற்றிக் காய்ந்த கூடு உடம்பு தேய்க்கவும் பாத்திரம் துலக்கவும் ஆகும். விதை அடுத்த பட்டத்துக்கு ஆகும். நம்மில் பலர் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். அதனால் வருஷா வருஷம் விதைப் பொட்டலமும் வாங்குகிறோம், பிளாஸ்டிக் நாரும் வாங்குகிறோம்.

அந்த நாலாவது பொருளான விதையில் ஒரு எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். அந்த இடத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.

குழியும் விதையும்

பீர்க்குக்கு ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் ஏற்றவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2, பி.கே.எம். 1 என்று ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நல்ல நாட்டு விதை கையில் இருந்தால் அதுவும் போதும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு குழி தாராளம்.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி இருக்கிற மாதிரி குழி எடுங்கள். குழிக்குக் குழி ஆறேழு அடி இடைவெளி வேண்டும். மக்கின தொழு உரம் 10 கிலோவை மேல்மண்ணோடு கலந்து குழியை மூடி, தண்ணீர் விட்டு ஆறப்போடுங்கள். பச்சைச் சாணத்தைப் போடக் கூடாது. அது சூடு கிளப்பும், கறையானையும் கூட்டி வரும்.

விதையின் தோல் கெட்டியானது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் ஊன்றினால் முளைப்பு சீராக இருக்கும். குழிக்கு 5 விதை, ஒரு விரல் கணு ஆழம். 15 நாள் ஆனதும் வாட்டமாக இருக்கிற இரண்டு செடியை விட்டுவிட்டு மற்றதைக் களைந்துவிடணும். "முளைச்சதைப் பிடுங்க மனசு வரலையே" என்று ஐந்தையும் விட்டால் ஐந்தும் நோஞ்சானாகப் போகும்.

இளஞ்செடியில் சிவப்பு வண்டு வந்து இலையைச் சல்லடையாக்கும். விடிகாலையில் அது மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது அடுப்புச் சாம்பலை மெல்லிசாகத் தூவலாம். கந்தகத் தூளை மட்டும் தூவாதீர்கள். பூசணி, பீர்க்கு வகையறாவுக்கு அது ஆகாது, இலை கருகிப்போகும்.

கழுவின தண்ணீர்

"தண்ணிக்கு எங்கே போறது?" என்பதுதான் அடுத்த கேள்வி. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவின தண்ணீர், பாத்திரம் கடைசியாக அலசின தண்ணீர் இவற்றைச் சேர்த்தாலே இரண்டு குழிக்குக் காணும். சோப்பு நுரையோடு வருகிற முதல் தண்ணீரை வாழைப் பக்கம் திருப்பிவிடுங்கள். குழியைச் சுற்றித் தென்னை மட்டை, சருகு, உமி ஏதாவது ஒன்றைப் பரப்பினால் ஈரம் காயாது. தண்ணீர் தேங்கி நிற்க மட்டும் விடக் கூடாது. கொடிக்கு வேர் அழுகும், வீட்டுக்குக் கொசு சேரும்.

கொடி ஒரு முழம் வந்ததும் பந்தலோ வேலியோ காட்டிவிடணும். சவுக்குக் கழியில் கயிறு கட்டினாலும் போதும். காய் தொங்கினால் நேராக நீளும். தரையில் கிடந்தால் வளைந்து, அடிப்பக்கம் அழுகும்.

விளக்கு வைக்கிற நேரத்துப் பூ

"பூவெல்லாம் கொட்டிப்போகுதே, ஒரு பிஞ்சையும் காணோமே!" பீர்க்கு போட்ட வீட்டில் எல்லாம் கேட்கிற குறை இது. பயப்பட வேண்டியதில்லை. பீர்க்கில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஒரே கொடியில் இரண்டும் வரும், ஆனால் முதலில் வருவது ஆண்பூ. அது கொத்தாக வந்து உதிர்ந்துவிடும். அதன் இயல்பு அது. பெண்பூ பின்னால் தனியாக வரும். பூவுக்குக் கீழே குட்டிப் பீர்க்கங்காய் மாதிரியே ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தாலே தெரியும்.

இன்னொரு விசேஷம், வரம்புள்ள பீர்க்கு காலையில் பூக்காது. பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அந்த மஞ்சள் பூ விரியும். அதனால் பகலில் வருகிற தேனீயை மட்டும் நம்பியிருக்கிற கொடி இல்லை இது. அந்தியில் வருகிற அந்துப்பூச்சிகளும் மகரந்தத்தைச் சுமக்கும். பூச்சி நடமாட்டம் குறைவான இடத்தில் பெண்பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழும். அப்போது நாமே சேர்த்துவைக்கலாம். சாயங்காலம் விரிந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை நீக்கி, நடுவில் இருக்கிற மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெதுவாக ஒற்றுங்கள். அவ்வளவுதான். வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுங்கள். ஆர்வமாகச் செய்யும்.

பிஞ்சு பிடித்ததும் பழ ஈ வரும். தோலில் துளைபோட்டு முட்டை வைக்கும். உள்ளே புழு வைத்துக் காய் அழுகும். பிஞ்சு இறங்கினதுமே பழைய துணிப் பையோ காகிதப் பையோ மாட்டிக் காம்பில் தளரக் கட்டிவிட்டால் ஈ அண்டாது. சொத்தைக் காயை அப்படியே குப்பையில் வீசக் கூடாது. புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். இரண்டு அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

அடுப்பங்கரையில்

விதைத்து ஐம்பது, அறுபது நாளில் பறிப்பு ஆரம்பமாகும். பூ விரிந்து ஏறக்குறைய ஒரு வாரத்துக் காய்தான் சமையலுக்கு ருசி. நகம் வைத்தால் தோலில் சுலபமாக இறங்கணும். நாள் தவறாமல் பறித்தால் கொடி மேலும் மேலும் காய்க்கும். காய் முற்ற முற்றப் புதுப் பிஞ்சு குறைந்துவிடும்.

பீர்க்கங்காயில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு தண்ணீர்தான். ஆகவே கூட்டுக்குத் தனியாகத் தண்ணீர் விட வேண்டியதில்லை. பாசிப்பருப்பை முக்கால் பதம் வேகவைத்து, நறுக்கின காயைப் போட்டு மூடினால் அது விடுகிற தண்ணீரிலேயே வெந்துவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். சட்டி நிறைய இருந்த காய் வெந்ததும் பாதியாகச் சுண்டிவிடும். முதலிலேயே கண்ணளவுக்குப் போட்டால் கரிக்கும்.

தண்ணீர்க் காய் என்பதால் இதில் சத்து நிறைய இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். வயிற்றுக்கு இலகுவான காய், அவ்வளவுதான். சத்தைப் பருப்பும் கீரையும் கொடுக்கும். அதனால் கொல்லையில் பீர்க்கோடு ஒரு முருங்கையும் நாலு வரிசைக் கீரையும் இருக்கட்டும்.

இப்போது தோல். வரம்பையும் தோலையும் குப்பைக்கு அனுப்பாதீர்கள். இரண்டு காயின் பிஞ்சுத் தோலுக்கு 2 ஸ்பூன் நல்லெண்ணெய், 2 ஸ்பூன் உளுத்தம்பருப்பு, 4 காய்ந்த மிளகாய், சுண்டைக்காயளவு புளி, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், கொஞ்சம் பெருங்காயம், உப்பு. பருப்பையும் மிளகாயையும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் தோலைச் சுருளச் சுருள வதக்கணும். அரைவதக்கலாக விட்டால் பச்சை வாடை போகாது. எல்லாம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துச் சுடுசோற்றில் பிசைந்து பாருங்கள். இன்னொரு பிடி சோறு கேட்காதவர் இல்லை. மருந்து அடிக்காத நம் வீட்டுக் காய் என்பதால்தான் தோலை இவ்வளவு தைரியமாகச் சாப்பிடலாம்.

கசந்தால் கொட்டிவிடுங்கள்

இதுதான் முன்னால் சொன்ன எச்சரிக்கை. நம் பாட்டிமார் பீர்க்கு, சுரை, வெள்ளரி எதை நறுக்கினாலும் முதலில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கசந்தால் காயையே கொட்டிவிடுவார்கள். அதில் காரணம் இருக்கிறது. இந்த வகைக் காய்களில் குக்கர்பிட்டாசின் என்கிற கசப்பு நஞ்சு சில சமயம் கூடிவிடுகிறது. வேகவைத்தாலும் அது போகாது. வாந்தி, பேதி, வயிற்றுவலி, சில பேருக்கு ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் என்று போய்விடும். 2010-இல் டெல்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்த ஒருவர் இறந்தே போனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு, கசந்தால் குடிக்கவே கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முறிவு மருந்து கிடையாது. தெரியாமல் சாப்பிட்டு வாந்தி கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடணும்.

"பாகற்காயும்தானே கசக்குது?" என்று கேட்பீர்கள். பாகலுக்குக் கசப்பு பிறவிக் குணம். அதன் கசப்புப் பொருளும் வேறு வகை. இனிக்க வேண்டிய காய் கசப்பதுதான் அபாயம். "விலை போட்டு வாங்கினதாச்சே, வெல்லம் போட்டுச் சரிக்கட்டலாம்" என்று நினைக்காதீர்கள்.

இந்தக் கசப்புக்கும் விதைக்கும் என்ன சம்பந்தம்? வேலியில் தானாக முளைக்கிற பேய்ப்பீர்க்கு கசப்பு ஜாதி. அதன் மகரந்தம் நம் வீட்டுப் பூவில் விழுந்தால் இந்த வருஷக் காய் கசக்காது. அந்தக் காயின் விதையைப் போட்டு அடுத்த வருஷம் வருகிற கொடிதான் கசக்கும். எனவே விதைக்கு விடுகிறவர்கள் முதலில் அக்கம்பக்கத்துப் பேய்ப்பீர்க்கை வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

கூடும் விதையும்

விதைக்காய் விடுவதில் ஒரு பழக்கத்தை மாற்றணும். இலை மறைவில் பறிக்க மறந்துபோன காயையோ, கொடி ஓய்கிற சமயத்தில் வந்த கோணல் காயையோ "இது விதைக்கு" என்று விட்டுவிடுகிறோம். மட்டமான காயிலிருந்து உயர்ந்த விதை எப்படி வரும்? கொடி நல்ல வீரியத்தில் இருக்கும்போது, ருசி பார்த்துத் திருப்தியான கொடியில், நேரான இரண்டு காயைத் தேர்ந்தெடுங்கள். நாளைக்கு விரியப்போகிற பெண்மொட்டையும் ஆண்மொட்டையும் இன்றைக்கே மெல்லிய துணிப்பையால் மூடி, விரிந்ததும் முன்னால் சொன்ன மாதிரி கையால் சேர்த்து, மறுபடி மூடிவிட்டால் வெளி மகரந்தம் சேராது. மூன்றாம் நாள் பையை எடுத்துவிட்டு, காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். சமையலுக்குப் பறிக்கிறவர்கள் கைவைக்காமல் இருப்பார்கள்.

காய் பழுப்பாகி, எடை குறைந்து, குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்டதும் அறுத்துக்கொள்ளலாம். நுனியில் மூடி மாதிரி இருப்பதைத் திறந்து குலுக்கினால் கறுப்பு விதைகள் கொட்டும். சப்பையை நீக்கி, நிழலில் உலர்த்தி, உலர்ந்த வேப்பிலையோடு பாட்டிலில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

கூட்டை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்தால் தோல் கையோடு வரும். சதை போகும்வரை அலசி வெயிலில் காயப்போட்டால் வெள்ளையான நார்க்கூடு தயார். வரம்புப் பீர்க்கின் கூடு கொஞ்சம் முரடு, பாத்திரத்துக்கு நல்லது. வரம்பில்லாத மெழுகுபீர்க்கின் கூடு பெரிது, மெத்தென்று இருக்கும், உடம்புக்கு ஏற்றது. நீளவாக்கில் பிளந்து இரண்டு மூன்றைச் சேர்த்துத் தைத்தால் சூடான பாத்திரம் இறக்கிவைக்கும் மணை ஆகும். வட்டமாக நறுக்கினால் சோப்பு வைக்க ஆகும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஜப்பானிலிருந்து வாங்கி, கப்பல் என்ஜின்களில் வடிகட்டியாகக்கூட இந்தக் கூட்டைப் போட்டிருக்கிறார்கள் என்றால் அதன் உறுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு ஒழுங்கு வேண்டும். தேய்த்து முடித்ததும் அலசி வெயிலில் மாட்டணும். ஈரமாகவே மூலையில் கிடந்தால் கிருமி சேரும். மூன்று, நாலு வாரத்தில் மாற்றிவிடுங்கள். கைக்குழந்தைக்குத் தேய்க்க வேண்டாம். தேய்ந்த கூடு எருக்குழிக்குப் போனால் மக்கி, மறுபடி அதே கொடிக்கு உரமாக வரும். பிளாஸ்டிக் நார் அப்படி மக்காது.

ஆகவே தாய்மார்களே, வருகிற பட்டத்தில் இரண்டு குழி எடுங்கள். நறுக்குமுன் ஒரு துண்டு ருசி பாருங்கள். நல்ல காயாக இரண்டை நூல் கட்டி விட்டுவையுங்கள். விதை மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கைப்பிடி கொடுங்கள். உங்கள் கொடியை ஒரு வருஷம் பூச்சியோ மழையோ கொண்டுபோனாலும், அவர்கள் வீட்டில் அந்த விதை இருக்கும்.