தொலைவிலிருந்து வழங்கியை அணுகுதல்

தொலைவிலிருந்து வழங்கியை அணுகுதல் என்பது, அலுவலகத்திலோ தரவு மையத்திலோ இயங்கும் சர்வர் கணினியை, அதாவது வழங்கியை, வேறோர் இடத்திலிருந்து பிணையம் வழியாகத் திறந்து அதனிடம் வேலை வாங்குவதாகும். நின்றுபோன நிரலை மீண்டும் இயக்குவது, காப்புப் பிரதி எடுப்பது, புதிய பயனருக்குக் கணக்குத் தொடங்குவது என எல்லாவற்றையும் இப்படிச் செய்யலாம். தரவு மையங்களில் உள்ள பெரும்பாலான வழங்கிகளுக்குத் தனித் திரையோ விசைப்பலகையோ கிடையாது. அங்கேயே பணிபுரிபவர்கூடப் பிணையம் வழியாகத்தான் அவற்றை அணுகுகிறார்.

இதைப் புரிந்துகொள்ளத் திருவள்ளூர் மாவட்டத்தின் மீஞ்சூர் பொருத்தமான இடம். சென்னை–கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில் பாதையில் உள்ள இவ்வூரிலிருந்து பலர் அன்றாடம் நகரத்து வேலைக்குச் செல்கிறார்கள். சென்னையின் மறுகோடியில் உள்ள தகவல் தொழில்நுட்ப அலுவலகத்துக்குப் போய்வருவதிலேயே பாதி நாள் கரைந்துவிடும். அவர்களுக்குத் தொலை அணுகல் பெரிய வசதி. அதே மீஞ்சூரைச் சுற்றி வல்லூர் அனல் மின் நிலையமும், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறனுடன் 2010இல் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்ட ஆலையும் உள்ளன. அத்தகைய ஆலைகளில் எக்கிகளையும் அடைப்பிதழ்களையும் இயக்குபவையும் கணினிகளே. வீட்டிலிருந்து எட்ட வேண்டிய வழங்கியும், வீட்டிலிருந்து எட்டவே கூடாத கணினியும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதே இத்துறையில் முதன்மையானது.

வீட்டுக்கும் வழங்கிக்கும் இடையில்

அலுவலக வழங்கிக்குப் பெரும்பாலும் உள்முகவரி மட்டுமே இருக்கும். 192.168 அல்லது 10 என்று தொடங்கும் ஐபி முகவரிகள் அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும். தெருப்பெயர் இல்லாத வீட்டு எண்ணைப் போன்றவை. வெளியுலகம் காண்பது ரவுட்டரின் பொது முகவரியை மட்டுமே.

சிறு கடைகளில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். மீஞ்சூர் கடைத்தெருவில் உள்ள ஒரு வணிகர், கடைக் கணினியில் ஓடும் டேலி கணக்கை இரவில் வீட்டிலிருந்து பார்க்க விரும்புகிறார் என்று கொள்வோம். கடையில் இருப்பது கைபேசி இணையம் என்றால், அவரது ரவுட்டருக்கே பொது முகவரி இருக்காது. பொது முகவரிகள் தீர்ந்துவரும் நிலையில், சேவை நிறுவனங்கள் ஒரு முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் 2012இல் ஒதுக்கப்பட்டன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைய முகவரி இந்த எல்லைக்குள் இருந்தால், வெளியிலிருந்து நேரே உள்ளே வர வழியில்லை. நிலையான முகவரியைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். அல்லது கடைக் கணினியே வெளியே உள்ள ஒரு பொது வழங்கியுடன் முதலில் இணைப்பை ஏற்படுத்தி, அதே இணைப்பின் வழியே நம்மை உள்ளே அழைத்துக்கொள்ளும்படி செய்யலாம். டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற செயலிகள் இந்த இரண்டாம் வழியில் இயங்குகின்றன. அவை எளிதாக இருப்பதாலேயே மோசடிக்காரர்களுக்கும் பிடித்தமானவை. எனிடெஸ்க்கை நிறுவச்சொல்லிப் பணம் திருடுவது குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் வங்கிகளை எச்சரித்தது.

கட்டளை முனையமும் திரையும்

தொடக்கத்தில் தொலைக் கணினிகளை டெல்நெட் வழியாக அணுகினர். அதில் கடவுச்சொல் உட்பட எல்லாமே திறந்த அஞ்சலட்டை போலப் பயணிக்கும். வழியில் உள்ள யாரும் படிக்கலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பிணையத்தில் இப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைத் தொடர்ந்து, அங்கிருந்த டாட்டு யிலோனென் 1995இல் எஸ்எஸ்எச் என்னும் மறையாக்கப்பட்ட நெறிமுறையை உருவாக்கினார். கோப்புப் பரிமாற்றத்துக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று வாயில் எண்கள் இருக்க, நடுவில் காலியாக இருந்த 22ஐ அவர் கேட்டுப் பெற்றார். உலகின் லினக்ஸ் வழங்கிகளில் பெரும்பாலானவை இன்றும் அந்த வாயிலில்தான் காத்திருக்கின்றன.

எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல்லுக்குப் பதிலாக இணைச்சாவி முறையைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தவும் வேண்டும். பொதுச் சாவி வழங்கியில் இருக்கும். தனிச் சாவி வீட்டுக் கணினியை விட்டு வெளியே செல்வதே இல்லை. வழங்கி கேட்கும் சோதனைக்கு அது கையொப்பம் மட்டுமே இடுகிறது. ஆகவே வழியில் திருடுவதற்கு எதுவும் இல்லை. முதன்முறை இணையும்போது வழங்கியின் கைரேகை என ஓர் எழுத்துத் தொடர் திரையில் தோன்றும். அதை ஒப்பிட்டுப் பார்க்காமலே 'ஆம்' என்று அடிப்பதுதான் உலக வழக்கம். போலி வழங்கி நடுவில் நுழைய முடிகிற ஒரே தருணம் அதுதான் என்பதால், அந்தத் தொடரை நிர்வாகியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

விண்டோஸ் வழங்கிகளில் ஆர்டிபி என்னும் நெறிமுறை முழுத் திரையையே வீட்டுக்குக் கொண்டுவருகிறது. வசதியானது, ஆனால் அதன் 3389ஆம் வாயிலை இணையத்தில் நேரே திறந்து வைப்பது ஆபத்தானது. 2019 மே மாதம் புளூகீப் என்னும் குறைபாடு வெளியானபோது, கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய முடியும் என்பது தெரிந்தது. ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது.

சுரங்கப் பாதை

எனவே வாயிலைத் தெருவில் வைக்காமல், தெருவுக்கும் வாயிலுக்கும் இடையே ஒரு காவல் வைப்பதே முறை. விபிஎன் எனப்படும் மெய்நிகர் தனியார் பிணையம் அந்தக் காவலாகும். வீட்டுக் கணினி முதலில் விபிஎன் நுழைவிடத்தில் தன்னை உறுதிப்படுத்துகிறது. அதன்பின் மறையாக்கப்பட்ட சுரங்கம் ஒன்றின் வழியே அலுவலகப் பிணையத்தின் உறுப்பாகிறது. எஸ்எஸ்எச், ஆர்டிபி எல்லாம் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே நடக்கின்றன. வயர்கார்டு என்னும் புதிய விபிஎன், சாவி தெரியாதவர் அனுப்பும் எந்தத் தரவுக்கும் பதிலே சொல்லாது; வெளியிலிருந்து தட்டுபவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. 2020 மார்ச் 29 அன்று வெளியான லினக்ஸ் 5.6இல் அது சேர்க்கப்பட்டது. இந்தியாவில் ஊரடங்கு தொடங்கியதும் அதே வாரத்தில்தான்.

இணைப்பு அறுந்தால்

வீட்டு இணைப்பு நிலையற்றது. மீஞ்சூரிலிருந்து வடக்கே பழவேற்காடு நோக்கிச் செல்லச் செல்ல அது கூடுதல் உண்மையாகும். எஸ்எஸ்எச்சில் பாதி வேலையில் இணைப்பு அறுந்தால், ஓடிக்கொண்டிருந்த நிரலும் பொதுவாக நின்றுவிடும். தரவுத்தளத்தை மாற்றிக்கொண்டிருக்கும்போது இப்படி நின்றால் பாதி மாறியும் பாதி மாறாமலும் கிடக்கும். இதற்கு மாற்றாக, 1987இல் வந்த ஸ்கிரீன், 2007இல் வந்த டிமக்ஸ் ஆகியவை வேலையை வழங்கியிலேயே நிறுத்திவைக்கின்றன. மீண்டும் இணைந்ததும் விட்ட இடத்திலேயே திரை திறக்கும். தொலை அணுகலைப் பழகும் மாணவர் எஸ்எஸ்எச்சுக்கு அடுத்தபடியாகக் கற்க வேண்டியது டிமக்ஸ்தான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இணைப்பு தானாக அறுவது ஒன்று. நாமே அறுத்துக்கொள்வது மற்றொன்று. தீச்சுவர் விதியில் ஒரு வரி பிழையானால், உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டியது போலாகும். அந்த வரியைத் திருத்த வழங்கிக்குள் போக வேண்டும். போகும் வழியைத்தான் மூடிவிட்டோம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்குக்கு நேர்ந்தது இதுவே. முதுகெலும்புப் பிணையத்தைச் சோதிக்க இட்ட ஒரு கட்டளை மொத்தப் பிணையத்தையும் துண்டித்தது. தொலைவிலிருந்து சரிசெய்யும் கருவிகளும் அதே பிணையத்தை நம்பியிருந்ததால், பொறியாளர்கள் தரவு மையத்துக்கு நேரில் செல்ல வேண்டியதாயிற்று. சேவை திரும்ப ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது.

இதற்கு அனுபவசாலிகள் கையாளும் எளிய உத்தி ஒன்று உண்டு. மாற்றத்தைச் செய்வதற்கு முன்பே, பத்து நிமிடத்தில் பழைய அமைப்பு தானாகத் திரும்பும்படி ஒரு பணியைக் குறித்துவைப்பார்கள். மாற்றம் சரியாக அமைந்து உள்ளே நுழைய முடிந்தால் அதை நீக்கிவிடலாம். முடியாவிட்டால் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். ஜூனிப்பர் ரவுட்டர்களில் இவ்வசதி உள்ளிணைந்தே வருகிறது. இதற்கு மேல், டெல்லின் ஐடிராக், எச்பியின் ஐஎல்ஓ போன்ற தனி மேலாண்மைச் சில்லுகள் வழங்கிகளில் உண்டு. இயங்குதளமே செத்துக் கிடந்தாலும், மின்சாரம் இருந்தால் இவற்றின் வழியே கணினியை அணைத்து எழுப்பலாம். மின்சாரமே இல்லாத நாளும் வரும்: 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. வெவ்வேறு ஊர்களில் வசிக்கும் இருவரிடமாவது அணுகல் உரிமை இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

எட்டக் கூடாதவை

இதுவரை கூறியவை மின்னஞ்சல், கணக்கு, இணையதளம் போன்ற வழங்கிகளுக்கு. குடிநீர் ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினிக்கு இந்த அளவுகோல் போதாது. அங்கே தவறான கட்டளை ஒன்று கோப்பைக் கெடுப்பதோடு நிற்காது; குழாயில் வரும் நீரைக் கெடுக்கும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஓல்ட்ஸ்மார் என்னும் சிறு நகரின் நீர் ஆலையில் 2021 பிப்ரவரி 5 அன்று, ஊழியரின் கண்ணெதிரே திரையில் சுட்டி நகர்ந்து, சோடியம் ஹைட்ராக்சைடின் அளவு மில்லியனுக்கு 100 பங்கிலிருந்து 11,100க்கு உயர்த்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஊழியர் உடனே குறைத்துவிட்டார். ஆலையில் டீம்வியூவர் இருந்தது. எல்லாக் கணினிகளுக்கும் தொலை அணுகலுக்கு ஒரே கடவுச்சொல். வெளியாள் ஊடுருவல் என்று உலகெங்கும் பேசப்பட்ட இந்நிகழ்வு, ஊழியர் ஒருவரின் கைப்பிழையாக இருக்கலாம் என்று நகரின் முன்னாள் மேலாளர் 2023இல் கூறினார். இலக்கு வைத்த ஊடுருவல் என்பதைத் தங்களால் உறுதிசெய்ய முடியவில்லை என எஃப்பிஐயும் தெரிவித்தது. என் பார்வையில் இந்த ஐயமே நிகழ்வின் மிக மோசமான பகுதி. எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், யார் செய்தது என்பதைப் பதிவேடு ஒருநாளும் சொல்லாது.

தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் காணப்பட்ட செய்தி 2019 அக்டோபர் இறுதியில் பரவியது. நிலையம் முதலில் அதை மறுத்தது; மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் உறுதிப்படுத்தியது. நிர்வாகப் பணிக்கான, இணையத்துடன் இணைந்த பிணையத்தில் இருந்த ஒரு கணினியில்தான் தீநிரல் இருந்தது என்றும், நிலையத்தை இயக்கும் அமைப்புகள் அதிலிருந்து பிரிக்கப்பட்டவை என்றும் கழகம் விளக்கியது. அணு உலைக்கும் அந்தத் தீநிரலுக்கும் நடுவே நின்றது இந்தப் பிரிவினைதான்.

முழுக்கப் பிரித்துவிட்டால் ஆலையின் நிலவரத்தை மேலாளர் வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது? ஒருவழித் தரவுக்கதவு இதற்கு விடை. ஒரு முனையில் ஒளி அனுப்பி மட்டும், மறு முனையில் ஒளி வாங்கி மட்டும் இருக்கும். அழுத்தம், ஓட்டம், நீர்மட்டம் ஆகிய எண்கள் வெளியே வரும். எந்தக் கட்டளையும் உள்ளே போக இயற்பியலே இடம்தராது. பார்ப்பதும் இயக்குவதும் வெவ்வேறு உரிமைகள் என்பதை இந்தக் கருவி கண்ணாடி இழையிலேயே எழுதிவைத்துவிடுகிறது.

விதிகளும் விடைபெற்றவர்களும்

இந்தியாவில், அழைப்பு மையம் போன்ற பணிகளை வீட்டிலிருந்து செய்யத் தொலைத்தொடர்புத் துறை விதித்திருந்த நிபந்தனைகள் 2020 மார்ச்சில் தற்காலிகமாகவும், அதே ஆண்டு நவம்பரில் நிலையாகவும் தளர்த்தப்பட்டன. கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையின்படி, பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். ஊடுருவல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களைச் சேமிக்க வேண்டும் என்ற பிரிவு, ஊழியர்களுக்காக அலுவலகம் நடத்தும் விபிஎன்னுக்குப் பொருந்தாது என்று பின்னர் விளக்கப்பட்டது.

2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் குழாய்த்தடம் பல நாட்கள் நின்றது. யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாகத் தாக்குநர்கள் நுழைந்தனர். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அதற்கு இல்லை. ஊழியர் வேலையை விட்டுச் செல்லும் நாளில் அடையாள அட்டையை வாங்கி வைக்க எந்த அலுவலகமும் மறப்பதில்லை. அவரது பொதுச் சாவி வழங்கியின் கோப்பில் ஒரே ஒரு வரியாக இருக்கும். அதே நாளில் அந்த வரியையும் நீக்க வேண்டும்.