ஆறாவது பல்லோடு முடியும் ஆயுள்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் களிற்றின் காலடியில் கன்றுகள் ஒண்டி நிற்பதைக் கண்டு வியக்காதவர் அரிது. அக்கல் யானைகளின் வயது ஏறத்தாழ 1,300 ஆண்டுகள். யானைக் குடும்பத்தின் வரலாறோ ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அவ்வரலாற்றைப் படிக்கப் பெரிதும் உதவுவது தந்தமன்று, கடைவாய்ப் பல்.

யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப் பற்கள் உண்டு. அவை மனிதப் பற்களைப்போல் அடியிலிருந்து மேலெழுவதில்லை; தாடையின் பின்புறம் தோன்றி முன்னோக்கி நகர்கின்றன. தேய்ந்த பல் துண்டு துண்டாக உதிர, அடுத்தது அவ்விடத்தை நிரப்புகிறது. ஆறாவதும் தேய்ந்தபின் ஏழாவது இல்லை. முதிய யானை மெல்ல இயலாமல் மெலிந்து மடிகிறது. பொருளாதாரம் கற்பித்த எனக்கு இது, ஆறே தவணைகளில் வழங்கப்படும், புதுப்பிக்க இயலாத மூலதனமாகத் தோன்றுகிறது.

உண்ட உணவையும் பல் சொல்கிறது. 1830-களில் சிவாலிக் மலைகளில் ஹியூ ஃபால்கனரும் பிராபி காட்லியும் திரட்டிய புதைபடிவங்களுள் ஸ்டெகோடானும் ஒன்று. அதன் பல்லில் கூரை போன்ற தாழ்ந்த வரம்புகள் இருந்தன. இலைதழைகளுக்கு அவை போதும். புல்வெளிகள் பரவியபோது, மண்ணும் சிலிக்காவும் கலந்த புல்லை அரைக்க, உயர்ந்த பல்லில் மெல்லிய எனாமல் தகடுகள் நெருக்கமாக அமைந்தன. நம் யானைக்கும் அதன் நெருங்கிய உறவான மாமூத்துக்கும் இத்தகைய பற்களே.

செங்கல்பட்டு மாவட்டத்துப் பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவியைக் கண்டெடுத்தார். அருகிலுள்ள திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுத் தொன்மையுள்ள கருவிகள் கிடைத்துள்ளன. ஆனால், இப்பகுதிச் செம்மண்ணில் கல் நிலைக்கிறது. எலும்பு பெரும்பாலும் நிலைப்பதில்லை. எனவே, தொல்மனிதர் காலத்து யானைகளை அறிய நர்மதைப் படுகையையே நாட வேண்டியுள்ளது. அங்கு வாழ்ந்த பேலியோலாக்சோடான், இன்றைய யானையினும் மிகப் பெரியது. அதுவும் அழிந்தது. மாமூத்தின் கடைசிக் கூட்டம் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் ஆர்க்டிக் பெருங்கடலின் ராங்கல் தீவில் மறைந்தது.

இவற்றின் அழிவில் தட்பவெப்ப மாற்றத்துக்கும் வேட்டைக்கும் எவ்வளவு பங்கு என்பது இன்னும் விவாதத்துக்குரியது. கணக்கு மட்டும் எளிது. யானையின் கர்ப்பகாலம் சுமார் 22 மாதங்கள்; இரு ஈற்றுக்கிடையே நான்கைந்து ஆண்டுகள். வரவு இவ்வளவு மெதுவாக இருக்கையில், செலவு சற்றே கூடினாலும் முதல் கரைந்துவிடும்.

2017 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 29,964 யானைகள்; தமிழகத்தில் 2,761. ரயில் பாதையிலும் மின்வேலியிலும் மடியும் ஒவ்வொரு பெண் யானையும் அவ்வேட்டின் செலவுப் பக்கத்தில் சேர்கிறது. சாலை, விடுதி, பாதை எதற்கும் திட்டச் செலவைக் கணக்கிடுகையில், யானை வழித்தடத்தைக் காக்கும் செலவையும் முதலிலேயே சேர்க்க வேண்டும். அழிந்தபின் செலவிட்டுப் பயனில்லை; இயற்கை ஏழாவது தவணை தருவதில்லை.