உங்களுக்குத் தெரியுமா? தேக்காவிலிருந்து ஆக்ஸ்ஃபர்டுக்கு!

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா சந்தில் லாரி பின்னோக்கி வருகிறது. "கோஸ்தான்... கோஸ்தான்!" என்று கை காட்டுகிறார் ஒருவர். மலாய் மொழியா? சீனமா? இரண்டுமே இல்லை! கப்பல்காரர்களின் 'கோ ஆஸ்டர்ன்' (பின்னால் போ) கட்டளைதான் அது. கடலில் பிறந்த சொல், கார் பார்க்கில் வாழ்கிறது!

தேக்கா உணவங்காடியில் ஒரு காலி மேசை. அதன்மேல் ஒரே ஒரு டிஷ்யூ பாக்கெட். உட்கார்ந்துவிடாதீர்கள்! அது 'ச்சோப்' பண்ணிய இடம். முத்திரையைக் குறிக்கும் 'சாப்' கொஞ்சம் இழுபட்டு 'ச்சோப்' ஆனதாம். மேசையைப் பிடிக்க ஆள் வேண்டாம், டிஷ்யூ போதும்!

'சபோட்டாஜ்' என்றால் நாசவேலை. அதில் பாதியை வெட்டினால் 'சாபோ'! நண்பனை வேலையில் மாட்டிவிடுவது சாபோ. அதில் கைதேர்ந்தவருக்குப் பட்டமே உண்டு: 'சாபோ கிங்'!

'பிளர்' என்றால் மங்கல். சிங்கப்பூரில் அது ஒரு மனிதர்! ஒன்றும் புரியாமல் திருதிருவென விழிப்பவர். முற்றிவிட்டால் 'பிளர் லைக் சோத்தோங்'. சோத்தோங் யார் தெரியுமா? நம்ம கணவாய்!

அடுக்குமாடியிலிருந்து கீழே எறியும் பொருளுக்குப் பெயர் 'கில்லர் லிட்டர்'. கொலைகாரக் குப்பை!

'சைனீஸ் எஜுகேட்டட்'. வேகமாகச் சொல்லிப் பாருங்கள். இன்னும் வேகமாக! 'சைனீஸ் ஹெலிகாப்டர்'! சீனமொழியில் படித்து, ஆங்கிலம் தடுமாறுபவருக்கு வைத்த கேலிப் பெயர்.

ஐஸ் மைலோ. அதன் தலையில் கரையாத மைலோ பவுடர், குன்றுபோல! பெயர் 'மைலோ டைனோசர்'. ஐஸ்கிரீமும் ஏறினால் 'மைலோ காட்ஸில்லா'!

'மெர்மெய்ட்' (கடல்கன்னி) பாதி, 'லயன்' (சிங்கம்) முழுசு. ஒட்டினால் 'மெர்லயன்'! 1964-இல் சிங்கப்பூரின் சுற்றுலாச் சின்னமாகப் பிறந்தது. 1972-இல் சிலையானது. உயரம் 8.6 மீட்டர், எடை 70 டன்! ஒட்டுச் சொல்லுக்கு இவ்வளவு பெரிய சிலை வேறெங்கே?

இப்படிப்பட்ட சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்துக்குப் பெயர் சிங்லிஷ். அதைப் பற்றி 1982-இலேயே புத்தகம் வந்துவிட்டது! எழுதியவர் சில்வியா டோ பைக் சூ. தலைப்பு 'ஏ, குண்டு!' சிங்லிஷில் குண்டு என்றால் உடம்பல்ல, முட்டாள்!

2000-இல் பிரதமர் கோ சோக் டோங் 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' இயக்கத்தைத் தொடங்கினார். சிங்லிஷ் அடங்கியதா? 2016 மார்ச்சில் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியே கதவைத் திறந்தது. ஒரே மூச்சில் 19 சிங்கப்பூர்ச் சொற்கள் உள்ளே!

மேலே படித்த சாபோ, பிளர், கில்லர் லிட்டர், சைனீஸ் ஹெலிகாப்டர்... நான்கும் அந்த 19-இல் அடக்கம்!