எந்தத் தோட்டம்?

பேராக்கில் பிறந்த பலரின் மைகார்டு எண்ணில் ஏழாம், எட்டாம் இலக்கங்களாக 08 இருக்கும். அந்த எண்ணில் மாநிலத்தின் பெயர் இல்லை. அதற்குரிய குறியீடு மட்டுமே உண்டு. 08 எந்த மாநிலத்தைக் குறிக்கிறது என்பதை வேறொரு பட்டியலைப் பார்த்தே அறிய முடியும். ஓர் அட்டவணையிலுள்ள குறியீட்டைக் கொண்டு மற்றோர் அட்டவணையில் விவரம் தேடும் இந்த முறை, இன்று நாம் பயன்படுத்தும் பல செயலிகளுக்கு அடிப்படையாக உள்ளது. அட்டவணைகளை இவ்வாறு தொடர்புபடுத்தித் தரவுகளைக் கையாளும் கோட்பாட்டை, ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் கோட் 1970-இல் வெளியிட்டார்.

இதன் பயனைப் பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின், அங்கிருந்த குடும்பங்கள் பல ஈப்போ முதலிய நகரங்களில் குடியேறின. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தவர்கள்கூடத் தொடர்பற்றுப் போயினர். அவர்களுக்கு ஓர் ஒன்றுகூடல் நடத்துவதற்காக, ஒரு பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் செயலி ஒன்றை உருவாக்குவதாகக் கொள்வோம்.

செயலியில் இரண்டு அட்டவணைகள் உள்ளன. முதலாவது, மக்கள் அட்டவணை. அதில் ஒருவரின் பெயர், இப்போது வாழும் ஊர், தோட்டக் குறியீடு ஆகியவை இருக்கும். இரண்டாவது, தோட்ட அட்டவணை. அதில் குறியீடு, தோட்டத்தின் பெயர், மாவட்டம் ஆகியவை இருக்கும். சுங்கை சிப்புட்டிலுள்ள எல்பில் தோட்டத்திற்கு எதிரே கோலகங்சார் மாவட்டம் என்றும், செர்சோனிஸ் தோட்டத்திற்கு எதிரே கிரியான் மாவட்டம் என்றும் பதிவாகியிருக்கும்.

இப்போது, கோலகங்சார் மாவட்டத் தோட்டங்களிலிருந்து வந்து ஈப்போவில் வாழ்வோர் யாவர் என்று கேட்டால், மக்கள் அட்டவணை மட்டும் விடை தராது. அதில் தோட்டம் இருந்த மாவட்டத்தின் பெயரே இல்லை. ஆகவே, செயலி முதலில் தோட்ட அட்டவணைக்குச் சென்று கோலகங்சாருக்குரிய குறியீடுகளைத் திரட்டுகிறது. பின்னர், அக்குறியீடுகளுள் ஒன்றை உடைய ஈப்போவாசிகளை மட்டும் மக்கள் அட்டவணையிலிருந்து வடிகட்டி எடுக்கிறது.

மாவட்டப் பெயரை ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் எழுதிவிட்டால் எளிதல்லவா? எளிதுதான், எல்லைகள் மாறாதவரை. 2016-இல் பத்தாங் பாடாங் மாவட்டத்திலிருந்து முவாலிம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. தஞ்சோங் மாலிம், சிலிம் ரீவர் வட்டாரங்கள் அதில் சேர்ந்தன. அடுத்த ஆண்டே பாகான் டத்தோவும் தனி மாவட்டமானது. இத்தகைய மாற்றத்தின்போது, தோட்ட அட்டவணையில் உரிய தோட்டங்களின் வரிகளைத் திருத்தினால் போதும். அத்தோட்டங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோரின் வரிகளைத் தொட வேண்டியதில்லை.

இந்த முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. தோட்ட மக்கள் ஆங்கிலப் பெயர்களைத் தம் நாவுக்கேற்ப மாற்றி வழங்கினர். சில தோட்டங்களுக்குத் தாங்களாகவே வேறு பெயரும் வைத்திருந்தனர். பாட்டி ஒருவர் அத்தகைய பெயரைச் சொல்ல, மாணவர் அதற்குரிய குறியீடு தெரியாமல் அக்கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம். அப்போது செயலி பிழை என்று எச்சரிக்காது. பாட்டி எந்த மாவட்டப் பட்டியலிலும் இடம்பெற மாட்டார். அவருக்கு அழைப்பிதழும் போகாது.

எனவே, வடிகட்டுவதற்கு முன் குறியீடு இல்லாதவர்களைத் தனியே பட்டியலிட்டுப் பார்ப்பது அவசியம். அவர்கள் சொன்ன பெயர் எந்தத் தோட்டத்தைக் குறிக்கிறது என்பதை, அந்த வட்டாரத்தில் பால்மரம் சீவிய முதியவர் எவரிடமாவது கேட்டுத்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.