அடுக்களையும் அரங்கமும்

கற்ற தொழிலால் உயர்ந்து, பின்னர்த் திரையால் உலகறிந்தவராக விளங்குபவர் கார்டன் ராம்சே என்னும் சமையற்கலைஞர்.

ஸ்காத்லாந்தில் 1966ஆம் ஆண்டில் பிறந்த இவர், இளமையில் கால்பந்தாட்டத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். முழங்காலில் நேர்ந்த காயம் அவ்விருப்பம் நிறைவேறாவாறு தடுத்தது. எனினும் மனந்தளராது சமையற்கலையை நாடினார். இலண்டனில் மார்க்கோ பியர் ஒயிட், ஆல்பர்ட் ரூ ஆகியோரிடமும், பாரிசில் ழோயல் ரோபுஷோன் முதலியோரிடமும் பணிந்து தொழில் பயின்றார். 1998ஆம் ஆண்டில் இலண்டனில் தம் பெயரால் உணவகம் ஒன்றை நிறுவினார். உணவகங்களின் தரத்தை ஆராய்ந்துரைக்கும் மிச்செலின் கையேடு, 2001ஆம் ஆண்டில் அதற்கு மூன்று விண்மீன்களை வழங்கியது. அக்கையேடு அளிக்கும் உச்ச மதிப்பு அதுவே.

2004ஆம் ஆண்டில் பிரிட்டனில் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரொன்றில், நலிவுற்ற உணவகங்களுக்குச் சென்று, தூய்மைக் குறைவு, அளவிறந்த உணவுப் பட்டியல் போன்ற குறைகளைச் சுட்டித் திருத்தினார். மறு ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய 'எல்ஸ் கிச்சன்' என்னும் போட்டியில் சமையற்கலைஞர்களைக் கடிந்துரைத்தார். கடுஞ்சொல்லே அவருடைய அடையாளமாயிற்று.

'ரியாலிட்டி' எனப்படும் இத்தகைய நிகழ்ச்சிகளில் நிகழ்வன யாவும் நமக்குக் காட்டப்பெறுவதில்லை. பல மணி நேரம் படம்பிடித்தவற்றுள் விறுவிறுப்பான சில பகுதிகளே தொகுக்கப்பெறுகின்றன. ஆதலின் நொடிப்பொழுதில் எழும் சினம் திரையில் தோன்றும். பல்லாண்டுப் பயிற்சி தோன்றாது. அவருடைய கடுமொழியைப் பின்பற்றுவோர் கலைஞர் ஆகார். உழைப்பைப் பின்பற்றுவோரே ஆவர்.